கோ என்றால் கோயம்புத்தூர்

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., தாவரவியல்)

எங்கள் பக்கத்தில் கரும்பு பயிரிடுவோர் தம் கொல்லையில் நிற்கும் ரகத்தைப் பெயரால் சொல்வதில்லை, எண்ணால் சொல்வார்கள். "86032 போட்டிருக்கேன்" என்றால் கேட்பவருக்குப் புரிந்துவிடும். அந்த எண்ணுக்கு முன்னால் 'கோ' என்று ஓர் எழுத்து வரும். அதன் பொருள் என்னவென்று என் தந்தையாரை ஒருமுறை கேட்டேன். "கோ-ஆப்பரேட்டிவ்தான். மில்லுல குடுத்த கரும்புக்கு வேற என்ன பேரு வைப்பான்?" என்றார். அவருக்கு அவர் தந்தையார் சொன்னது அது. நானும் பத்தொன்பது வயதுவரை அப்படியே நம்பியிருந்தேன். சென்ற ஆண்டு நம் கல்லூரி நூலகத்தில் பயிர்ப்பெருக்கம் பற்றிய பழைய நூலொன்றைப் புரட்டியபோதுதான், 'கோ' என்பது கோயம்புத்தூர் என்று தெரிய வந்தது. மூன்று தலைமுறையாக ஒரு விஞ்ஞான நிலையத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டே கரும்பு வெட்டியிருக்கிறோம். ஆனால் அப்படியொரு நிலையம் இருப்பது எங்கள் வீட்டில் எவருக்கும் தெரியாது.

உயிரியல் ஆராய்ச்சி, உயிரியல் தொழில் என்று பேச்செடுத்தால் நம் வகுப்பு நண்பர்கள் உடனே ஐதராபாத்தையும் பெங்களூரையும் சொல்லுகிறார்கள். சொல்லட்டும்; அவை சொல்லத்தக்க ஊர்களே. ஆயினும் நம் மாநிலத்திற்கென்று இத்துறையில் ஒரு வலிமை இருந்திருக்கிறது, இன்னும் இருக்கிறது. அது எதனால் வந்தது, எந்த இடத்தில் கசிந்து போகிறது என்பதைப் பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு. பேராசிரியப் பெருமக்களில் சிலருக்கு அது ஒப்பாமல் போகலாம். இருபது வயதுக்காரன் சொல்வதென்று பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

கரும்பிலிருந்தே தொடங்குகிறேன். 1901-ஐ ஒட்டிய ஆண்டுகளில், அன்றைய சென்னை மாகாணத்தின் கோதாவரி டெல்டாவில் கரும்பு அழுகி அழிந்தது. செவ்வழுகல் நோய் என்று இன்று நம் பாடத்தில் வருகிறதே, அதே நோய்தான். அதை ஆராய்ந்தவர் அரசுத் தாவரவியலாளராக இருந்த சி.ஏ. பார்பர். பிறகு 1912-ஆம் ஆண்டு கோயம்புத்தூரில் கரும்புக்கென்றே ஒரு நிலையம் திறக்கப்பட்டபோது அதன் பொறுப்பு அவரிடம் வந்தது. கோயம்புத்தூரை ஏன் தேர்ந்தார்கள்? கரும்பு அங்கே தாராளமாகப் பூக்கும். கரும்பு மிகுதியாகப் பயிராகிய வட இந்தியாவில் அவ்வாறு பூப்பதில்லை. பூக்காவிட்டால் கலப்புச் செய்ய வழியில்லை. ஆக, நம் மண்ணும் காற்றும் கொடுத்த ஒரு சலுகையை ஒருவர் கவனித்துப் பயன்படுத்திக்கொண்டார். அவ்வளவுதான் தொடக்கம்.

பார்பரும் அவருக்குத் துணையாயிருந்து பின்னர் நிலையத்தின் தலைமையேற்ற டி.எஸ். வெங்கடராமனும் செய்த காரியத்தை நினைத்தால் எனக்கு வியப்பாகவே இருக்கிறது. 'வெள்ளை' என்று நம்மவர் அழைத்துவந்த தடித்த கரும்பை எடுத்தார்கள். ஓடைக்கரையில் தானாக வளர்ந்து கிடக்கும், மாடுகூட அவ்வளவாக விரும்பாத நாணல் போன்ற காட்டுக் கரும்பை எடுத்தார்கள். இரண்டையும் கலந்தார்கள். சர்க்கரை முன்னதிலிருந்து, வலிவு பின்னதிலிருந்து. அப்படிப் பிறந்த 'கோ 205' 1918-ஆம் ஆண்டு பஞ்சாப் விவசாயிகளிடம் போய்ச் சேர்ந்தது. காட்டுப்புல்லின் ரத்தம் கலந்த முதல் வணிகக் கரும்பு நம் ஊரில் பிறந்து வடக்கே போய் வாழ்ந்தது. அதுவரை ஜாவாவிலிருந்து கப்பல் கப்பலாகச் சர்க்கரை வாங்கிக்கொண்டிருந்த நாடு இது. கோயம்புத்தூர்க் கரும்பும், 1932-இல் வந்த சர்க்கரைத் தொழில் பாதுகாப்புச் சட்டமும் சேர்ந்த பின்னர், சில ஆண்டுகளுக்குள் ஆலைகளின் எண்ணிக்கை பல மடங்காயிற்று. இதில் விஞ்ஞானம் மட்டுமே எல்லாம் செய்தது என்று நான் சொல்லமாட்டேன். சட்டம் இல்லாமல் ஆலை வந்திராது. கரும்பு இல்லாமல் ஆலை வந்து என்ன பயன்?

அதே நிலையத்தில் 1934 முதல் 1939 வரை வேலை பார்த்தவர் ஈ.கே. ஜானகி அம்மாள். தலைச்சேரியில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் தாவரவியல் படித்தவர். மாநிலக் கல்லூரி என்பது எது? நம்முடையதைப் போன்ற ஓர் அரசுக் கலைக்கல்லூரிதானே! கரும்பின் குரோமோசோம்களை எண்ணுவது அவருடைய வேலை. காட்டுக் கரும்பில் அந்த எண்ணிக்கை செடிக்குச் செடி 40 முதல் 128 வரை மாறுகிறது. நாம் வெங்காய வேர்நுனியை நசுக்கி, அசிட்டோகார்மைன் சாயமேற்றி, நுண்ணோக்கியின் கீழ் வைத்து ஒன்றும் தெரியாமல் விழிக்கிறோமே, அந்தக் கலையை ஆயிரக்கணக்கான தடவை செய்தவர் அவர். 1945-இல் டார்லிங்டனுடன் சேர்ந்து பயிர்ச் செடிகளின் குரோமோசோம் அட்டவணையை வெளியிட்டார். அவர் பெயரை நான் அறிந்தது வகுப்பில் அன்று என்பதை வருத்தத்துடன் சொல்கிறேன்.

நெல்லிலும் இதே கதையுண்டு. ஏ.டி.டி. என்றால் ஆடுதுறை. டி.கே.எம். என்றால் திரூர்க்குப்பம். அந்தத் திரூர்க்குப்பத்து 'டி.கே.எம். 6' நெல்லுக்குத் தண்டுத் துளைப்பானைத் தாங்கும் குணமிருந்ததால் பிலிப்பைன்ஸில் இருக்கும் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தார் அதை வாங்கிக் கலப்புச் செய்தனர், 1969-இல் 'ஐ.ஆர். 20' பிறந்தது. அயல்நாட்டு நெல் வந்து நம் நெல்லைக் கெடுத்தது என்று மேடையில் முழங்கும் நண்பர்கள் இதையும் ஒரு வரி சேர்த்துச் சொன்னால் நியாயமாக இருக்கும்.

இனி என் சொந்த வெட்கத்தைச் சொல்ல வேண்டிய இடம் வந்துவிட்டது.

சென்ற ஆண்டு ஐப்பசியில் சித்தப்பாவின் கொல்லையில் மறுதாம்புக் கரும்பு அங்கொன்றும் இங்கொன்றுமாகக் காயத் தொடங்கியது. மேலிருந்து மூன்றாவது நான்காவது தோகை மஞ்சளாகும். பிறகு குருத்து வரை வாடும். தண்ணீர் பாய்ச்சிப் பார்த்தார். யூரியா போட்டுப் பார்த்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூப்பிட்டார். "ஏம்பா, காலேஜுல செடிகொடியப் பத்திதான படிக்கிற? இது ஏன் இப்படிக் காயுதுன்னு பாத்துச் சொல்லு" என்றார். சுற்றி நாலைந்து பேர் நின்றார்கள். நான் தோகையைத் தடவிப் பார்த்தேன், வேரைக் கிளறினேன், "சத்துக் குறைவா இருக்கும் சித்தப்பா" என்று ஏதோ சொல்லிவைத்தேன். மூன்று வாரம் கழித்து ஆலையின் கரும்பு உதவியாளர் வந்தார். கேள்வி ஒன்றும் கேட்கவில்லை. காய்ந்த கழியொன்றை வெட்டி, நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தார். உள்ளே சிவந்திருந்தது; அந்தச் சிவப்புக்குக் குறுக்கே வெள்ளைத் திட்டுகள். மூக்கருகே கொண்டுபோனால் புளித்த கள்ளின் வாடை. "செவ்வழுகல். தூரோட புடுங்கிக் கொளுத்திடுங்க. இந்தத் தண்ணிய அடுத்த கொல்லைக்கு விடாதீங்க" என்றார். அதற்குள் தண்ணீர் அடுத்த கொல்லைக்குப் பாய்ந்து மூன்று வாரமாகியிருந்தது.

அதே பருவத்தில் அந்த நோயின் படத்தை என் ரெக்கார்டு நோட்டில் வரைந்து பாகங்கள் குறித்து நல்ல மதிப்பெண் வாங்கியிருக்கிறேன்! கொலெட்டோடிரைகம் பால்கேட்டம் என்று பிழையின்றி எழுதத் தெரியும். பிறை வடிவ வித்துகள், கரிய முட்கள், எல்லாம் தெரியும். ஆனால் நான் பார்த்ததெல்லாம் பார்மலின் ஜாடிக்குள் பல ஆண்டுகளாகக் கிடந்து வெளுத்துப்போன ஒரு துண்டு. அதில் சிவப்பும் இல்லை, வெள்ளைத் திட்டும் இல்லை, வாடையென்றால் பார்மலின் வாடைதான். கரும்பைப் பிளந்து பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை, ஏனென்றால் ஜாடியை யாரும் பிளப்பதில்லை. நடந்ததை எங்கள் விரிவுரையாளர் ஒருவரிடம் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. "நானும் ஜாடியிலதான் படிச்சேன் தம்பி" என்றார். நம் கல்லூரியைச் சுற்றி எத்திசையில் சைக்கிளை மிதித்தாலும் இருபது நிமிடத்தில் கரும்பு வந்துவிடும்.

இந்தச் சம்பவத்திற்குப் பின்னர் நம் மாநிலத்து ஆராய்ச்சிகளைப் பற்றி எங்கே படித்தாலும் ஒரு கேள்வியோடுதான் படித்தேன்: அந்தக் கழியைப் பிளந்தவர் யார்? அதாவது, பெரிய பெயர்களுக்குக் கீழே நின்று கையால் வேலை செய்தவர்கள் யார், அவர்களைப் பழக்கியவர்கள் யார்?

காசநோயை எடுத்துக்கொள்ளுங்கள். 1956-ஆம் ஆண்டு சென்னையில் காசநோய் வேதிமருத்துவ மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும், மாநில அரசும், உலக சுகாதார நிறுவனமும், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் கூடி அமைத்தது. வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் முதலில் தலைமை தாங்கினார். அக்காலத்தில் காசநோய் என்றால் சானடோரியம். நல்ல காற்று, நல்ல உணவு, மாதக்கணக்கில் படுக்கை. நம் நாட்டில் அத்தனை நோயாளிகளுக்குப் படுக்கை எங்கே போவது? ஆகவே சென்னை நகரத்து ஏழை நோயாளிகள் ஏறத்தாழ 190 பேரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினர் சானடோரியத்தில். மற்றொரு பிரிவினர் தங்கள் குடிசைகளிலேயே, அதே நெருக்கடியில், அதே கஞ்சியைக் குடித்துக்கொண்டு. மருந்து மட்டும் இருவருக்கும் ஒன்றே. ஓராண்டு முடிவில் சானடோரியத்தில் 92 விழுக்காட்டினரும் வீட்டில் 86 விழுக்காட்டினரும் நோயடங்கித் தேறியிருந்தார்கள். வீட்டிலிருந்தவர்களுடைய குடும்பத்தாரை ஐந்தாண்டு தொடர்ந்து பார்த்தும், அவர்களுக்கு அதிகமாக நோய் தொற்றவில்லை என்று கண்டார்கள். 1959-இல் முதல் முடிவு வெளியானது. உலகத்தில் சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு நம் சென்னைக் குடிசைகளும் ஒரு காரணம் என்று சொன்னால் மிகையாகாது.

இதில் எனக்குப் பிடித்த பகுதி வேறு. நோயாளி மருந்தை விழுங்கினாரா, கூரையில் செருகினாரா என்று எப்படித் தெரியும்? சொல்லாமல் கொள்ளாமல் ஒருவர் வீட்டுக்குப் போவார். மீதி மருந்தை எண்ணுவார். சிறுநீரை வாங்கிவந்து சோதிப்பார்கள். சளியில் கிருமி வளர்கிறதா என்று பார்க்க வாரக்கணக்கில் குப்பிகளைக் காத்திருந்து பார்க்க வேண்டும். ஒரு குப்பியில் சீட்டு மாறி ஒட்டிவிட்டால் அந்த 86-க்கும் 92-க்கும் பொருளே இல்லை. இந்த வேலைகளைச் செய்தவர்கள் வீடுவீடாகப் போன சுகாதாரப் பணியாளர்களும் ஆய்வகப் பணியாளர்களும். அந்த மையம் 2011 முதல் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்று பெயர் பெற்றுச் சேத்துப்பட்டில் இயங்குகிறது.

மதுரைக்கு வருகிறேன். அரசு மருத்துவப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற கோ. வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். முடக்குவாதத்தால் விரல்கள் வளைந்துபோன ஒருவர் கண் அறுவை செய்தார் என்ற செய்தியைப் பலரும் அறிவோம். கிராமத்துப் பெண் பிள்ளைகளைப் பள்ளிப்படிப்பு முடிந்ததும் எடுத்து, இரண்டாண்டு பயிற்சி கொடுத்து, பார்வைச் சோதனையும் அறுவைக்கூடத் துணைப்பணியும் அவர்களிடம் ஒப்படைத்தார்கள் என்பதைச் சிலரே அறிவோம். மருத்துவர் தம் நேரத்தை அறுவைக்கு மட்டும் செலவிட முடிந்தது அதனால்தான். பிறகு 1992-இல் அவர்களே ஆரோலாப் என்ற தொழிற்சாலையைத் தொடங்கிக் கண்ணுக்குள் வைக்கும் வில்லையைச் செய்தார்கள். நூறு டாலருக்கு மேல் கொடுத்து வெளிநாட்டிலிருந்து வாங்கியதைப் பத்து டாலருக்கும் குறைந்த விலைக்குக் கொண்டுவந்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு அது போகிறது. ஆராய்ச்சி, பயிற்சி, தொழில் மூன்றும் ஒரே ஊரில் கைகோத்து நிற்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. மூன்றில் எது முதலில் வந்தது என்று பாருங்கள்: பயிற்சி வந்தது, தொழிற்சாலை பதினாறு ஆண்டு கழித்து வந்தது.

மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே. சந்திரசேகரனும் அவர் மாணவர்களும் பக்கத்துக் குன்றுக் குகையில் வெளவால்களைக் கூண்டில் வைத்து, இருட்டில் அவை காலத்தை எப்படி அறிகின்றன என்று ஆராய்ந்த கதையை விலங்கியல் துறை நண்பர்கள் எழுதினால் நன்றாயிருக்கும். கூட்டாளிகள் பறந்துபோகும் நேரத்தை வைத்தே கூண்டு வெளவால்கள் பொழுதறிந்தன என்று 1981-இல் எழுதினார்கள். அதற்கு வேண்டியிருந்தது ஒரு குகை, ஒரு கூண்டு, இரவெல்லாம் விழித்திருக்கும் பொறுமை. மூன்றில் முதலிரண்டும் நம் மாவட்டத்திலும் கிடைக்கும்.

வலிமையை இவ்வளவு சொன்ன பிறகு கசிவையும் சொல்லத்தான் வேண்டும். குன்னூர்ப் பாஸ்டர் நிலையம் 1907-இல் வந்தது. அங்கே ஓர் அறையில் 1918-இல் மெக்காரிசன் பெரிபெரி நோயை ஆராயத் தொடங்கினார். ஆலையில் தீட்டிய பச்சரிசியை உண்போருக்கு அந்நோய் வருகிறது, புழுங்கலரிசி உண்போருக்கு அவ்வளவாக வருவதில்லை. நெல்லை அவிக்கும்போது தவிட்டுச் சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது என்பது அங்கும் பிற இடங்களிலும் நடந்த ஆராய்ச்சிகளால் தெளிவாயிற்று. நம் பாட்டிமார் அண்டாவில் நெல் அவித்ததற்கு ஆய்வுக்கூடம் கொடுத்த நற்சான்று அது. அந்தச் சிறு அறை வளர்ந்து ஊட்டச்சத்து ஆராய்ச்சிக்கூடமாகி, 1958-இல் ஐதராபாத்திற்குப் பெயர்ந்தது. இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்கிறார்கள்.

இடம் பெயர்ந்தது போகட்டும், இருந்த இடத்திலேயே நலிந்தது? கிண்டியில் 1899-இல் கிங் நிலையம் வந்தது, 1948-இல் பி.சி.ஜி. தடுப்பூசிக் கூடம் வந்தது. நாடு முழுவதும் பிறந்த குழந்தைகளின் தோளில் உள்ள தழும்பு பெரும்பாலும் கிண்டி போட்ட தழும்பு. 2008 ஜனவரியில் நாட்டின் மூன்று அரசுத் தடுப்பூசி நிலையங்களின் உற்பத்தி உரிமம் நிறுத்தப்பட்டது. நல்ல உற்பத்தி முறைகளுக்குரிய தரம் அங்கே இல்லை என்பது காரணம். மூன்றில் இரண்டு நம்முடையவை: கிண்டியும் குன்னூரும். 2010-இல் உரிமம் திரும்பி வந்தது. தர விதியைக் குறை சொல்வது தவறு. குழந்தைக்குப் போடும் மருந்து சுத்தமாக இருக்கத்தான் வேண்டும். அந்தத் தரத்துக்கு வேண்டிய கட்டடத்தையும், கருவியையும், பழகிய ஆட்களையும் ஆண்டாண்டாகப் புதுப்பிக்காமல் விட்டதுதான் குறை. பிறகு செங்கல்பட்டில் 100 ஏக்கரில் ஒரு தடுப்பூசி வளாகத்துக்கு 2012-இல் ஒப்புதல் கிடைத்தது. 594 கோடி ரூபாய்த் திட்டம். 2021-இல் கொரோனாவின் இரண்டாம் அலையில் நம் ஊர்களில் தடுப்பூசிக்கு வரிசை நின்றபோது அந்த வளாகத்திலிருந்து ஒரு குப்பிகூட வரவில்லை. அப்போது நாம் போட்டுக்கொண்ட கோவாக்சின் ஐதராபாத்தில் தயாரானது. அந்த நிறுவனத்தைத் தொடங்கிய கிருஷ்ணா எல்லா பிறந்தது எங்கே தெரியுமா? நம் திருத்தணிக்குப் பக்கத்தில், ஒரு விவசாயக் குடும்பத்தில். அதே நிறுவனத்தின் ரோட்டா வைரஸ் தடுப்பு மருந்தைக் குழந்தைகள் 6,799 பேரிடம் சோதித்தபோது சோதனை நடந்த மூன்று ஊர்களில் வேலூரும் ஒன்று. ஆக, சோதித்துப் பார்க்கும் திறமை நம்மிடம் இருக்கிறது. செய்து விற்கும் கூடம் அங்கே இருக்கிறது.

ஏன் இப்படி என்று கேட்டால் பலர் பணம் என்பார்கள், சிலர் அரசியல் என்பார்கள். இரண்டும் உண்மையாக இருக்கலாம். அவற்றை எடைபோடும் தகுதி எனக்கில்லை. என் கண்ணுக்குத் தெரிவது நடுப்படி ஒன்று இல்லாமல் இருப்பது. மேலே முனைவர்கள் இருக்கிறார்கள். கீழே நம்மைப் போல ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் பி.எஸ்ஸி. முடித்து வெளிவருவோர் இருக்கிறார்கள். கழியைப் பிளக்கவும், குப்பிக்குச் சீட்டு ஒட்டவும், கிருமியில்லாமல் ஓர் ஊடகத்தை ஊற்றவும் பழகிய கைகள் இடையில் வேண்டும். அந்தக் கைகள் நம்முடையவையாக இருந்திருக்க வேண்டும்.

என் பக்கத்து இருக்கை நண்பன் குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறான். தாவரவியல் நூலுக்குள் பொதுஅறிவு வினாத்தொகுப்பை வைத்துப் படிக்கிறான். அவனைக் குறை சொல்ல எனக்கு உரிமை கிடையாது. அவன் வீட்டில் அவன்தான் மூத்தவன், பின்னால் இரண்டு தங்கைகள். "தாவரவியல் படிச்சா என்ன வேலை?" என்று உறவினர் கேட்கும்போது எனக்கும் பதில் வருவதில்லை. ஆனால் இருவரும் மூன்றாண்டு இந்த ஆய்வகத்தில் உட்காரத்தான் போகிறோம். உட்காரும் நேரத்தில் கை பழகினால் யாருக்கு நட்டம்?

பேராசிரியர்களின் சங்கடமும் எனக்குத் தெரியாததன்று. நாற்பது பேருக்குப் பார்வை தெளிவாகத் தெரியும் நுண்ணோக்கி ஆறு. ஆய்வக உதவியாளர் பணியிடம் ஒன்று காலி. கண்ணாடிச் சாமான் உடைந்தால் பதிவேட்டில் எழுதி யாராவது கட்ட வேண்டும். பாடத்திட்டத்தையோ பல்கலைக்கழகம் வகுக்கிறது. இத்தனைக்கும் நடுவில் மாணவரைக் கூட்டிக்கொண்டு கொல்லைக்குப் போங்கள் என்றால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? தூய விஞ்ஞானம் படிக்க வந்த மாணவனைக் கரும்பு உதவியாளனாக்குவதா என்றும் ஒரு விரிவுரையாளர் கேட்டார். அந்தக் கேள்வியைப் பல நாள் நினைத்துப் பார்த்தேன். பார்பர் கோதாவரி டெல்டாவில் அழுகிய கரும்பைப் பார்த்தபோது அவர் செய்தது தூய விஞ்ஞானமா, உதவியாளர் வேலையா? எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

ஆகவே பெரிதாக எதுவும் கேட்கப்போவதில்லை. புதிய கட்டடம் வேண்டாம். மாதத்தில் ஒரு சனிக்கிழமை ஆய்வகம் திறந்திருக்கட்டும். நம் மாணவர்கள் வரும் ஊர்கள் ஐம்பதுக்குக் குறையாது. ஊருக்கொரு கழி கொண்டுவந்தால் ஐம்பது கழி. பிளந்து, பார்த்து, சந்தேகமானதைச் சீவி, லாக்டோபீனால் காட்டன் புளூ சாயத்தில் வைத்துப் பார்ப்போம். எந்த ஊர், எந்த ரகம், நடவா மறுதாம்பா, விதைக்கரணை எங்கே வாங்கியது என்று ஒரு பதிவேடு எழுதுவோம். செலவு? பிளேடு, ஸ்லைடு, கொஞ்சம் சாயம். மூன்றாண்டு எழுதினால் நம் வட்டாரத்தில் நோய் எந்த வழியாக நகர்கிறது என்று ஏதாவது புலப்படும் என்று நம்புகிறேன். ஒன்றும் புலப்படாமலும் போகலாம். அப்படியானாலும் அடுத்த ஜூனியருக்கு ஜாடிக்குப் பதிலாகக் கழி கிடைத்திருக்கும். கடலூரில் கரும்பு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கோ.சி. ரகங்களில் 'சி' என்ற எழுத்து அந்த ஊரைக் குறிப்பது. அங்கே இரண்டாமாண்டு விடுமுறையில் நாலு பேரையாவது பதினைந்து நாள் அனுப்பிவைக்கக் கல்லூரி ஒரு கடிதம் எழுதலாம். மறுத்தால் அடுத்த ஆண்டும் எழுதலாம்.

சித்தப்பா நோய் கண்ட தூர்களைப் பிடுங்கிக் கொளுத்திவிட்டு அந்தக் கொல்லையில் நெல் போட்டிருக்கிறார். அடுத்த பட்டத்துக்குத்தான் மறுபடியும் கரும்பு. விதைக்கரணை வாங்கப் போகும்போது, "நீயும் வா, நாலு கழியப் பொளந்து பாத்துட்டு வாங்கலாம்" என்று சொல்லியிருக்கிறார். பழைய கோபம் தீர்ந்ததா என்று தெரியவில்லை. ஒரு கைலென்சும் பத்து ஸ்லைடும் இரண்டு நாள் வெளியே எடுத்துப்போக அனுமதி கேட்டுத் துறைத்தலைவருக்கு விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன். உடைந்தால் கட்டிவிடுகிறேன் என்று கடைசி வரியில் எழுதியிருக்கிறேன்.